புதுப்பிப்பு: அப்பாவோட இழைப்பு மெஷின் மோட்டார் ஓடிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, கடலூர் முதுநகர் பட்டறையில இருக்கிற பழைய மரம் இழைக்கிற மெஷினோட சிங்கிள் ஃபேஸ் மோட்டார், சுவிட்ச் போட்டா உறுமுது, பெல்ட்டைக் கழட்டிட்டு புல்லியைச் சுண்டிவிட்டாதான் ஓடுதுன்னு. மோட்டார் கிளம்ப உதவுற கெப்பாசிட்டர் போயிருக்கும்னு பலர் சொன்னீங்க. மாத்தியும் அதேதான். கடையில ரீவைண்டிங், அதாவது காயிலைப் புதுசா சுத்தணும்னுட்டாங்க, மனசு ஒப்பல.

பின்மூடியைக் கழட்டினேன். மோட்டார் வேகம் பிடிச்சதும் தானா பிரியுற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச்சோட பாயின்ட்ல (கரண்ட் தொடுற முனை) மரத்தூள் அப்பி, உப்புக்காத்துல பச்சை பூத்திருந்தது. மோட்டார் நிக்கும்போது அந்தப் பாயின்ட் சேர்ந்திருந்தாதான் ஸ்டார்டிங் காயிலுக்குக் கரண்ட் போகும். நைஸ் உப்புத்தாள்ல தேய்ச்சு, தூளை ஊதிட்டு மாட்டினேன். இப்ப முக்கால் வேகத்துல ‘டக்’னு பாயின்ட் பிரியுற சத்தம் தெளிவா கேக்குது. அப்பா அதைக் கேட்டுட்டுப் பக்கத்துலயே நின்னார்.

செய்யறவங்க பிளக்கைப் பிடுங்கிட்டு, கெப்பாசிட்டரை பல்பு வச்சு டிஸ்சார்ஜ் பண்ணாம கை வைக்காதீங்க. பேரிங் சத்தம் இன்னும் இருக்கு, ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன்.