தம்பி பையன் 'ஃபை பிரெயின்' பார்க்கிறான், விடலாமா?

அம்மாபேட்டை அக்கா:
லீவுக்கு வந்த தம்பி பையன் 'ஃபை பிரெயின்' என்கிற இந்த அனிமேவை (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். பள்ளிப் பிள்ளைகள் புதிருக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், விடை தப்பினால் உயிர் போகும். எட்டாவது படிக்கிறவனுக்கு இது தேவையா?

கொலுசுப் பட்டறை செந்தில், செவ்வாய்ப்பேட்டை:
தாராளமாக விடுங்கள் அக்கா. ஜப்பானில் என்எச்கே கல்விச் சேனலில் 2011-ல் தொடங்கியது. மூன்று சீசன், ஒவ்வொன்றிலும் 25 எபிசோடு. எனக்கு ஒரே குறை, கதாநாயகன் கைட்டோ கையில் போடும் அந்த ஆர்ஃபியஸ் காப்பு. அதை மாட்டினதும் மூளை பறக்கிறது. உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதில்தானே சுகம்? (பட்டறைக்காரன் கண்ணுக்கு எடையும் ஜாஸ்தி.)

பையனுக்கு வேறு வேலை தருகிறேன். 15 கட்டை நகர்த்தும் புதிர் இருக்கிறதே, நாலுக்கு நாலு சட்டத்தில் 1 முதல் 15 வரை எண் போட்ட கட்டைகள், கடைசி மூலைக் கட்டம் காலி, நகர்த்தி நகர்த்தி வரிசையாக்க வேண்டும். அதில் 14, 15 இரண்டை மட்டும் இடம் மாற்றிக் கொடுங்கள். எந்த ஜென்மத்திலும் சேராது. காலிக் கட்டம் கிளம்பின மூலைக்கே திரும்ப இரட்டைப்படை நகர்த்தல்தான் ஆகும். இரண்டு கட்டை மட்டும் இடம் மாற ஒற்றைப்படை வேண்டும். காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

ஏற்காட்டுக்காரன்:
சுருள்வழிப் புதிரும் கொடுங்கள். வலக்கை சுவரை விடாமல் நடந்தால் வெளியே வரலாம் என்பார்கள். நடுவில் தனியாக நிற்கும் சுவரைப் பிடித்தால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அம்மாபேட்டை அக்கா:
செந்தில், அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். சோற்றுக்குக்கூட வரவில்லை, பாவி.