சின்னக்குளம் ஊரவர் குழு: மேட்டுக்காட்டில் கிரவல் மண் அகழ்வு

[காலை 5:48] கடை மாமா: நேற்று இரவு யாருக்காவது சத்தம் கேட்டதா? பத்தரைக்குப் பிறகு நான்கு டிப்பர் போனது. ஒன்று லைட் போடாமலே போனது. நாய் விடியும்வரை குரைத்தது.

[காலை 5:55] ரீச்சர் அக்கா: கேட்டது மாமா. நான் ஆறு என்று எண்ணினேன். பிள்ளை படித்துக்கொண்டிருந்தது, தூசி தாங்காமல் யன்னலைச் சாத்திவிட்டோம்.

[காலை 6:40] சங்கச் செயலாளர்: இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.
(படம்)
(படம்)
முதல் படம் மேட்டுக்காட்டுச் சரிவு. குளத்தின் அலைகரையிலிருந்து 140 எட்டு வைத்தேன், குழி வந்துவிட்டது. மண் அள்ளும் பெக்கோவின் சங்கிலித் தடம் இன்னும் காயவில்லை. இரண்டாவது படத்தில் நிற்பது எங்கள் வீரை மரம். ஒரு பக்க வேர் முழுவதும் வெளியே தொங்குகிறது. குழிக்குள் இறங்கி நின்றேன், வேர் என் தலைக்கு மேலே இருக்கிறது. சுற்றிவர ஒரு கயிறுகூடக் கட்டவில்லை.

[காலை 6:44] கடை மாமா: ஐயோ, அந்த வீரையா? அதன் அடியில் ஐயனாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தானே விதைப்புக்கு இறங்குவோம்.

[காலை 6:47] பால்கார அக்கா: என் இரண்டு மாடும் அந்தப் பக்கம்தான் மேயும். இன்றைக்கு அவிழ்க்கவில்லை.

[காலை 7:02] டிப்பர் தம்பி: செயலாளர் அண்ணை, நான் இரவில் ஓடவில்லை. பகலில் ஓடினேன், அதுவும் எங்கள் உள்வீதிக்கு. அப்போது அனுமதி இருந்தது, நானே கண்ணால் பார்த்தேன்.

[காலை 7:10] சங்கச் செயலாளர்: ஓம் தம்பி, உன்னை ஒருவரும் சொல்லவில்லை. வீதிக்குக் கிரவல் வேண்டும் என்று கடிதம் கொடுத்தது நாங்கள்தான், அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. போன மாரியில் கர்ப்பிணிப் பிள்ளை ஒருத்தியை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு சேற்றுக்குள் இரண்டு மணி நேரம் நின்றதை நான் மறக்கவில்லை. ஆனால் வீதி வேலை ஆடியோடு முடிந்துவிட்டது. இப்போது ஏற்றுகிறவர் யார், கிரவல் எங்கே போகிறது? அகழ அனுமதி வேறு, ஏற்றிப் போக அனுமதி வேறு. இடம், அளவு, திகதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

[காலை 7:31] பேரன்: அப்பப்பா குரல்பதிவு போட்டிருக்கிறார். கேட்க முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்:
"மேட்டில் விழுகிற மழை உடனே ஓடாது. சருகுக்குள் இறங்கி, வேரைப் பிடித்து, இரண்டு மூன்று நாளாகக் கசிந்து குளத்துக்கு வரும். எங்கள் குளத்துக்கு ஆறு இல்லை, அந்த மேடுதான் ஆறு. அதைக் கிளறினால் பாதித் தண்ணி குழியில் நிற்கும், மீதி மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரே வெள்ளமாக இறங்கும். அந்த மண் குளத்துக்குள் படிந்தால், மேலதிகத் தண்ணி வழிகிற வான் முன்னமே பாயும், வயலுக்குத் தண்ணி காணாது. கிணறும் வற்றும்."

[காலை 7:36] ரீச்சர் அக்கா: அப்பப்பா சொல்வது சரி. சிறுபோக நெல்லுக்குத் தண்ணி காணாமல் போன வருடம் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டியது.

[காலை 8:05] கனடா தம்பி: அண்ணை, குழி எங்கள் காணிக்குள் வந்துவிட்டதா? அரசாங்கம் அப்பாவுக்குப் பெர்மிட்டில் தந்த காணி அந்தச் சரிவோடுதானே முடிகிறது?

[காலை 8:20] சங்கச் செயலாளர்: இன்னும் வரவில்லை, ஆனால் கிட்ட வந்துவிட்டது. உன் காணி நிலை உனக்குத் தெரியும்தானே. இடம்பெயர்ந்து திரும்பி வரும்போது முதிரையும் பாலையும் முளைத்துக் காடாகிவிட்டது. மேலேயிருந்து படம் எடுத்தால் காடு என்றுதான் தெரியும். வனத் திணைக்களத்தார் எல்லைக்கல்லும் நட்டுவிட்டார்கள். கிணற்றுக்கட்டும் ஒரு தென்னையும் மட்டும்தான் அது குடியிருந்த காணி என்று சொல்ல மிஞ்சியிருக்கிறது. நாங்கள் துப்புரவாக்கினால் காட்டை அழித்தோம் என்கிறார்கள், பக்கத்திலேயே பெக்கோ நிற்கிறது. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

[காலை 8:26] கனடா தம்பி: போன வருடம் வந்த காணி வர்த்தமானி அறிவித்தலில் எங்கள் பக்கமும் இருந்ததா? அது ரத்தாகிவிட்டதுதானே?

[காலை 8:41] சங்கச் செயலாளர்: 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியைச் சொல்கிறாய். வடக்கில் 5,940 ஏக்கர், அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,703 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். பிறகு மீளப் பெற்றுவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் சனம் பத்திரம் தேடி அலைந்ததை நான் பார்த்தேன். 2009இல் உடுத்த உடுப்போடு மெனிக் பாம் முகாமுக்குப் போனவர்களிடம் போய்ப் பத்திரம் எங்கே என்று கேட்டால் எங்கே போவார்கள்? உன் அம்மா மட்டும் பெர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனா. அந்தப் பொலித்தீன் சுருக்கம் பேப்பரில் இன்னும் இருக்கிறது. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, மூலப்பிரதியை ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம்.

[காலை 8:52] விளையாட்டுக்கழகத் தம்பி: அண்ணை, இன்றிரவு நாங்கள் பத்துப் பேர் சந்தியில் நின்று மறிக்கிறோம். முடிவு கட்டிவிடலாம்.

[காலை 8:55] ரீச்சர் அக்கா: வேண்டாம் தம்பி. இரவில் மறித்து ஏதும் நடந்தால் வழக்கு உங்கள்மேல்தான் விழும். படிக்கிற பிள்ளைகள் நீங்கள்.

[காலை 9:03] சங்கச் செயலாளர்: ரீச்சர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் முற்றத்தில் நின்றபடி நேரத்தையும் வாகன இலக்கத்தையும் கொப்பியில் குறியுங்கள். குழுவில் போட வேண்டாம், என்னிடம் நேரில் தாருங்கள். பகலில் நான்கு பேர் போய்க் குழிக்குத் தடியும் கயிறும் கட்டுங்கள், மழை விழுந்தால் பள்ளம் எது தரை எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பிரதேச செயலகத்தில் காலபோக நெற்செய்கைக் கூட்டம். கமநல சேவை நிலையத்தாரும் வருவார்கள். குளத்துக்கு வரும் நீரோட்டத்தை மறிப்பது அவர்கள் பார்க்க வேண்டிய விடயம். கடிதம் எழுதிவிட்டேன், மாதர் சங்கத்தின் கையெழுத்தும் வேண்டும்.

[காலை 9:15] பால்கார அக்கா: மாதர் சங்க முத்திரை என்னிடம் இருக்கிறது. பின்னேரம் வருகிறேன்.

[காலை 9:22] டிப்பர் தம்பி: அண்ணை, வீதி வேலைக்குத் தந்த அனுமதியின் போட்டோக்கொப்பி என் வண்டியில் கிடக்கிறது. முடிவுத் திகதி அதில் இருக்கிறது. நானும் கூட்டத்துக்கு வருகிறேன், கேட்டால் சொல்கிறேன்.

[காலை 9:24] சங்கச் செயலாளர்: நல்லது தம்பி. அது பெரிய உதவி.

[காலை 9:40] கடை மாமா: வெள்ளி காலை ஏழரைக்குக் கடையடியில் என் உழவு இயந்திரம் நிற்கும். பெட்டியில் இருபது பேர் ஏறலாம். டீசல் என் கணக்கு.

[காலை 9:46] பேரன்: அப்பப்பாவும் வருகிறாராம். பெட்டியில் ஏற முடியாது, முன்னுக்கு மட்காட்டில் இடம் வைக்கச் சொல்கிறார்.