ஃபேப்ரிக்கில் மானியத் தவணைகள் மோதுகின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். பல அமைப்புகள் சேர்ந்து நடத்தும் பிளாக்செயின் தளமான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் 2.5-இல் மானியப் பட்டுவாடா. நிதி தருபவர், தொண்டு நிறுவனம், தணிக்கையாளர் என மூன்று அமைப்புகள். தவணைக்கு இரண்டு ஒப்புதல் போதும்.

திட்டத்தின் இருப்பு ஒரே கீயில் (மதிப்பைச் சேமிக்கும் பதிவுப் பெயர்) இருப்பதால், ஒரே பிளாக்கில் (பரிவர்த்தனைத் தொகுப்பு) இரண்டு தவணை விழுந்தால் இரண்டாவது 'எம்விசிசி ரீட் கான்ஃப்ளிக்ட்' (படித்த மதிப்பு அதற்குள் மாறிவிட்டது) என்று செல்லாமல் போகிறது. தவணைக்கொரு கீ வைத்தால் இந்த மோதல் இல்லை. ஆனால் மிச்சம் பார்க்க ரேஞ்ச் குவெரி (ஒரு வரம்புக்குள் உள்ள கீகளை மொத்தமாகப் படிப்பது) ஓட்டினால் ஃபேன்டம் ரீட் (படித்த பிறகு அந்த வரம்பில் கீ சேர்ந்ததால் வரும் பிழை) வந்து நிற்கிறது. ஓட்டாவிட்டால் ஒதுக்கிய தொகையைத் தாண்டிவிடும் அபாயம். கிளையன்ட் பக்கம் மறுபடி அனுப்புவது ஒட்டுவேலைதான். திட்டத் தொகையை முன்கூட்டியே தவணை வாரியாகப் பிரித்துத் தனித்தனி கீயில் பூட்டி வைத்தவர்கள் இருக்கிறீர்களா? செலவாகாத மிச்சத்தை அடுத்த தவணைக்கு எப்படி மாற்றினீர்கள்?

பயனாளியின் கணக்கு எண் பிரைவேட் டேட்டாவில் (அனுமதி பெற்ற அமைப்புகள் மட்டும் வைத்திருக்கும் தரவு), சால்ட் (ஊகிக்க முடியாதபடி சேர்க்கும் தற்செயல் மதிப்பு) சேர்த்து இருக்கிறது. அதில் சிக்கல் இல்லை.