ஊட்டி குளிர்ல பிக்கப் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்க
அண்ணன்மாரே, நம்மகிட்ட ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கு, ஊட்டில இருந்து கேரட் ஏத்திட்டு வந்து கோயம்பேட்டுல இறக்குறதுதான் பொழப்பு. சென்னைல மார்கழி விடியக்காலைல கூட ரெண்டு செல்ஃப்ல எடுத்துரும், ஆனா ஊட்டில நைட் நிறுத்திட்டு காலைல பாத்தா இன்ஜின் சுத்துது, வெள்ளைப் புகையா கக்குது, பத்து தடவ அடிச்சாதான் இருமிக்கிட்டே எடுக்குது, ஒருதடவ எடுத்துட்டா நாள் பூரா பிரச்சனை இல்ல.

பேட்டரி புதுசு, நிறுத்தி வச்சப்போ 12.6 வோல்ட் காட்டுது. இங்க மெக்கானிக்கு டீசல் பம்ப்ப கழட்டணும்னாரு, கேட்டதும் எனக்கு வயித்த கலக்கிருச்சு. வெள்ளைப் புகைன்னா டீசல் எரியாமலே வெளிய வருதுன்னு அர்த்தம்தானே, அப்போ ஸ்டார்ட் பண்றப்போ இன்ஜின் உள்ள சூடேத்தற க்ளோ ப்ளக் மேலதான் எனக்கு டவுட்டு. மீட்டர் வச்சு ஓம்ஸ் பாக்கலாம்னு இருக்கேன், நல்ல ப்ளக்னா ஒரு ஓம் பக்கத்துல காட்டணும்ல, ஓப்பன்னு (கரண்டே போகலன்னு) வந்தா செத்துப்போச்சு. ஆனா ப்ளக் எல்லாம் ஓகேன்னா அதுக்கு கரண்ட் விடற ரிலேவ எப்படி செக் பண்றது? இல்ல நைட்ல டீசல் லைன்ல காத்து ஏறுதா? ஃபில்டர் மேல இருக்கற கைப்பம்ப்ப அமுக்குனா மொதல்ல லூசாதான் போகுது.

வியாழக்கிழம திரும்ப லோடு இருக்கு, அதுக்குள்ள சொன்னா புண்ணியமா போகும்.