சீன அமெரிக்கக் குடும்பம்: ஒரே கல்லறையில் இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பது ஏன்?

கேள்வி:
எங்கள் மருமகளின் குடும்பத்தார் நான்கு தலைமுறையாகக் கலிபோர்னியாவில் வாழும் சீன அமெரிக்கர்கள். பேத்திக்காக இரு வீட்டாரின் வம்சாவளியையும் எழுதிவருகிறேன். மருமகளுடைய கொள்ளுத்தாத்தாவின் கல்லறையில் ஆங்கிலத்தில் ஒரு குடும்பப் பெயரும் சீன எழுத்தில் வேறொன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. பெரியவர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நான் எந்தப் பெயரை எழுதுவது?

பதில் 1:
அவர் ‘காகித மகன்’, அதாவது ஆவணத்தில் மட்டும் இன்னொருவரின் மகனாகக் காட்டி அமெரிக்காவுக்குள் வந்தவர் என்று சொல்லப்படுவோரில் ஒருவராக இருக்கக்கூடும். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்கு வருவதைத் தடுத்தது. வணிகர், மாணவர் போன்ற சிலருக்கும் குடிமக்களின் பிள்ளைகளுக்குமே வழி இருந்தது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோகவே, அங்கேயே பிறந்ததாகச் சொல்லிப் பலர் குடியுரிமை பெற்றனர். சீனாவிலுள்ள ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அங்கே தமக்கு மகன் பிறந்திருப்பதாகப் பதிந்துவைத்து, அந்த இடத்தை உறவினருக்கோ பணம் கொடுத்தவருக்கோ தந்தவர்களும் உண்டு. அப்படி வந்தவர் ஆவணத்திலுள்ள அந்தக் குடும்பப் பெயரிலேயே வாழ்ந்தாக வேண்டும்; கல்லறையில் சீன எழுத்தில் இருப்பது அவருடைய உண்மையான பெயராக இருக்கலாம்.

பதில் 2:
பெரியவர்களின் மௌனத்தை மறதி என்று எண்ணிவிடாதீர்கள். 1910 முதல் 1940 வரை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் வந்தவர்களை அடைத்துவைத்து, வீட்டு வாசலில் எத்தனை படிகள், அரிசிப் பானை எங்கே இருக்கும், அடுத்த வரிசையில் குடியிருப்பவர் யார் என்றெல்லாம் விசாரித்து, உறவினர் சொன்ன பதில்களோடு ஒப்பிட்டார்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் அபாயம் இருந்தது. அதற்காகவே கேள்வி பதில் ஏடுகளைக் கப்பலில் மனப்பாடம் செய்து, கரை சேருமுன் கடலில் எறிந்துவிடுவார்கள். 1943இல் அந்த 1882ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் நீக்கப்பட்ட பிறகும் அச்சம் தீரவில்லை. பொய்ப் பெயரில் வந்ததை அரசிடம் ஒப்புக்கொள்வதற்காக 1956இல் தொடங்கிய ஒப்புதல் திட்டத்தில் ஒருவர் உண்மையைச் சொன்னால், அதே காகிதக் குடும்பத்தைச் சேர்ந்த அனைவருமே அம்பலப்பட்டனர். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் வாயைத் திறக்காமல் இருந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இதற்கான ஆவணங்கள் எங்கேனும் கிடைக்குமா?

பதில் 2:
கலிபோர்னியாவின் சான் புரூனோவிலுள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரணைக் கோப்புகள் உள்ளன. ஆங்கிலத்தில் உள்ள பெயரைக் கொண்டு தேடுங்கள். புகைப்படமும் விசாரணையின் எழுத்துப்படியும் கிடைக்கலாம். ஆனால் அதில் வரும் தாயும் சகோதரர்களும் காகிதக் குடும்பத்தாராகவே இருக்கக்கூடும் என்பதால், அவர்களை அப்படியே வம்சாவளியில் சேர்த்துவிடாதீர்கள். கல்லறையில் சொந்தக் கிராமத்தின் பெயரும் இருக்க வாய்ப்புண்டு. சீனம் அறிந்தவரிடம் முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பெயர்களையும் எழுதுங்கள், பெரியவர்களின் சம்மதத்தோடு.