சம்மர் டெர்மில் எத்தனை பேப்பர்? பட்டவர்கள் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தம்பி, கோடை லீவில் காலேஜ் நடத்துகிற சம்மர் டெர்மில் மூன்று பேப்பர் எடுப்பேன் என்று குதிக்கிறான். நாளை மறுநாளுக்குள் பணம் கட்டணும். நான் சொன்னால் கேட்க மாட்டான், அதனால் இங்கே எழுதுகிறேன், நீங்களும் எழுதினால் அப்படியே அவனுக்கு அனுப்பிவிடுவேன்.

நான்காவது செமஸ்டர் முடிந்தபோது எனக்கு இரண்டு அரியர். காலேஜ் பெயர் வேண்டாம், ஆறு வாரம் கோடை வகுப்பு வைத்தார்கள். அடுத்த வருஷப் பாரம் குறையட்டுமே என்று ஒரு எலெக்டிவையும் (நாமே தேர்ந்தெடுக்கிற பாடம்) சேர்த்துக்கொண்டேன். செமஸ்டரில் ஆறு படிக்கிறோம், மூன்று முடியாதா என்ற தெம்புதான். மூன்று கிரெடிட் பேப்பர் என்றால் 45 மணி நேரம் நடத்தணும். 15 வாரமென்றால் வாரத்துக்கு 3 மணி, அதையே 6 வாரத்தில் திணித்தால் ஏழரை. மூன்று பேப்பருக்கு வாரம் இருபத்திரண்டரை மணி வகுப்பில் மட்டுமே போகும், வீட்டில் படிப்பதும் அசைன்மெண்டும் தனி.

எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிகிற நேரம். அப்பா பற்றவைக்கும்போது ஃபேன் போட முடியாது, சுடர் ஆடிவிடும். மே மாதம், சிமெண்ட் ஷீட் கூரை, அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் நான் லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கு போட்டுக்கொண்டிருப்பேன், வியர்வை சொட்டி நோட்டில் மை பரவி நிற்கும். சரி, அதைக்கூடச் சமாளித்தேன். இரண்டாம் வாரம் அம்மை போட்டது. மூன்று தண்ணி ஊற்றாமல் வாசப்படி தாண்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார், 10 நாள் போயிற்று. வகுப்பே மொத்தம் 30 நாள், 75 சதவீத வருகை வேண்டும், ஏழு நாளுக்கு மேல் லீவு தாங்காது. செமஸ்டராக இருந்தால் அந்தப் பத்து நாளில் ஒன்றும் ஆகியிருக்காது. மூன்றும் போச்சு, கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.

ஏற்காட்டுப் பொண்ணு:
நான் எடுத்தது ஒரு தியரி, ஒரு லேப். லேப் ஒரு கிரெடிட்தானே என்று நினைத்தேன், ஆனால் லேபில் ஒரு கிரெடிட்டுக்கு செமஸ்டர் கணக்கிலேயே வாரம் 2 மணி நேரம் நிற்கணும், அப்புறம் ரெக்கார்டு எழுதணும். ஒண்டிக்கடை பக்கம் எங்கள் பஜ்ஜிக் கடை, சீசனில் சாயங்காலம் நான் இல்லாமல் ஓடாது. பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் 20 ஊசி வளைவில் மூன்றாவதிலேயே குமட்டல். கடைசியில் சார் நடத்தியதை போனில் பதிவு செய்து காதில் மாட்டிக்கொண்டு போவேன். கோடை விழா சமயத்தில் இறங்குகிற வண்டியைச் சுற்றுவழியாகக் குப்பனூர் பக்கம் திருப்பிவிட்டார்கள், அன்றைக்கு ஒரே பாடத்தை இரண்டு தடவை கேட்டேன்! இரண்டும் பாஸ். மூன்றாவது இருந்திருந்தால் கடையை மூடியிருக்கணும்.

அஸ்தம்பட்டி, இப்போது அமெரிக்கா:
இங்கே எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு, படிப்பையே சம்மரில் தொடங்கினால் தவிர, சம்மரில் எடுத்தே ஆகணும் என்று கட்டாயமில்லை. தெரியாமல் முதல் வருஷம் பயந்து இரண்டு எடுத்தேன், அதுவும் ஒன்று புரோகிராமிங். வாரா வாரம் பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அடுத்த வருஷம் ஒன்றுகூட எடுக்காமல் கேம்பஸிலேயே முழு நேரம் வேலை பார்த்தேன், லீவில் அதற்கு அனுமதி உண்டு. ஃபீஸ் கட்டுகிற இடத்தில் சம்பளம் வந்தது. தம்பிக்கு அரியர் இருந்தால் அதை மட்டும் முடிக்கச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
எல்லாவற்றையும் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரி எலெக்டிவை நீக்கிவிட்டான், அரியர் இரண்டு மட்டும். அப்பாவிடம் சொன்னேன். “அப்போ மத்தியானத்தில் மணி கோக்க வருவானா?” என்றார்.