ஆச்சி வீட்டுக் கூட்டம் 🍋

கனகா: ஏட்டி யாழினி, நம்ம தோட்டத்து வாசத்துல சென்ட் செய்யிறேன்னு நீ அனுப்புன மூணு மாதிரிக் குப்பியும் வந்துட்டு. ரெண்டாம் நம்பரைத் திறந்தா நம்ம எலுமிச்சந்தோட்டம் மாதிரியா இருக்கு? அண்ணாச்சி கடை மிட்டாய் வாசம்லா அடிக்கி.

சுடலைமுத்து: 😂😂 புளியங்குடிக்காரிட்ட எலுமிச்சை விஷயத்துல ஏமாத்த முடியுமா

யாழினி: சரியா பிடிச்சிட்டீங்க பெரியம்மா! அது ஆவியில வடிச்ச எண்ணெய். சாறோட சேத்துக் கொதிக்கிறப்ப புளிப்பு வாசத்தையே மாத்திடும். மிட்டாய்க்குப் போடறதும் அந்த எண்ணெய்தான்

யாழினி: மூணாம் நம்பர் பாருங்க. தோலை அப்படியே பிழிஞ்சு எடுத்தது

கனகா: ம்ம். இது நம்ம பழம். நகத்தால கீறுனா கண்ணுல தெறிக்குமே, அதே காட்டம்.

செல்வி: அப்ப அதையே போட்டு முடி. என்ன யோசனை?

யாழினி: சித்தி, பிழிஞ்ச எண்ணெயைத் தடவிட்டு வெயில்ல போனா தோல் கன்னிப்போய்க் கறுத்துடும். உடம்புல போடற சென்ட்ல 0.7 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு சர்வதேச வாசனைப்பொருள் சங்கமே வரம்பு வச்சிருக்கு. அந்த அளவு பெரியம்மா மூக்குக்குப் பத்தாது 😅

சுடலைமுத்து: வேனல்ல பழம் விலை ஏறும்னு அப்பா ஒரு காயத் தொட விடமாட்டாவ. நாங்க கசக்கித் திரிஞ்சதெல்லாம் இலைதான். இலை வாசம் எங்க பிள்ள?

யாழினி: மாமா!!! இதை முதல்லயே கேட்டிருக்கணும். கசப்பு ஆரஞ்சு மரத்தோட இலை, குச்சியில வடிக்கிற எண்ணெய் இருக்கு, பெட்டிகிரேன். அதே மரத்துப் பூவுல வடிச்சா நெரோலி. எலுமிச்சம்பூவுக்குப் பக்கத்துல வர்றது அதுதான். ஆனா ஒரு கிலோ நெரோலிக்கு ஏறக்குறைய ஒரு டன் பூ வேணும். விலையை நீங்களே யோசிச்சுக்கோங்க

கார்த்தி: பிச்சி இல்லாம ஆச்சி வீடா? அஞ்சு மணிக்குப் பந்தல் அடியில நின்னவங்களுக்குத் தெரியும்

யாழினி: அண்ணா, பிச்சியை ஆவியில வடிச்சா சூட்டுலயே வாசம் கெட்டுடும். கரைப்பான்ல ஊற வச்சுதான் எடுப்பாங்க. ஒரு துளி போட்டிருக்கேன்

கனகா: துளியோட நிறுத்திக்கோ. கூடுனா கல்யாண வீட்டு வாசம் ஆயிரும். எனக்கு வேண்டியது, பத்து மணி வெயில்ல பம்புசெட் தண்ணி வாய்க்கால்ல பாயும்போது பாத்தியில இருந்து எந்திரிக்குமே, அது.

யாழினி: அதுக்குத்தான் அடியில வெட்டிவேர். எலுமிச்சை கொஞ்ச நேரத்துல பறந்துடும், அது நின்னு பிடிக்கும்

கார்த்தி: ஓடிகோலன் சென்ட் கதையும் இதேதான்! பின்னாடி ஜெர்மனி கொலோன் நகரத்துல அதைச் செஞ்சு வித்த ஃபரீனாங்கற இத்தாலிக்காரர் 1708ல சகோதரனுக்கு எழுதுறார்: நம்ம ஊர் வசந்தகாலக் காலை, மழை விட்டதும் வர்ற ஆரஞ்சுப்பூ வாசம், அதைப் பிடிச்சிட்டேன்னு. ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் மூக்கு இப்படி வேலை செய்யும் போல

கனகா: ஓடிகோலனா! அப்பா வெளிய கிளம்புனா கைலேஞ்சியில ரெண்டு சொட்டு விடாம போக மாட்டாவ. எங்களுக்குக் காய்ச்சல்னா நெத்தியில ஈரத்துணியோட அதுதான்.

யாழினி: பெரியம்மா

யாழினி: கைலேஞ்சி!! தோல்லயே படாதே. துணிக்குன்னே செஞ்சா பிழிஞ்ச எண்ணெயை தாராளமா போடலாம்

செல்வி: பட்டுச்சேலையில கறை விழுமா?

யாழினி: விழும் சித்தி, லேசா மஞ்சளா. பட்டுல அடிக்கவே கூடாது. பழைய கைக்குட்டைதான். அதை மடிச்சுப் பையில வைங்க, முகத்துல துடைச்சிட்டு வெயில்ல நிக்காதீங்க

சுடலைமுத்து: அப்ப வேர்த்தா எதுல தொடைக்க 🤔

கனகா: உனக்குத் தோள்ல துண்டு இருக்குலா.

யாழினி: இன்னைக்குக் கலந்து இருட்டு அலமாரியில வைக்கிறேன். மூணு நாலு வாரம் ஊறணும். இலை கூட, பிச்சி கம்மி. யாருக்கெல்லாம் வேணும்?

செல்வி: 🙋‍♀️

கார்த்தி: எனக்கு ஒண்ணு

சுடலைமுத்து: ரெண்டு. துட்டு கேக்காத, பழமா தாரேன்.